விமர்சனக் கட்டுரை எழுதுவது எப்படி: நான்கு அடிப் பாடல் ஒன்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

திறனாய்வுக் கட்டுரை என்ற பெயரில் வருவது அதிகமும் பொழிப்புரைதான். பாடல் என்ன சொல்கிறது என்று முதல் பத்தி, அதையே வேறு சொற்களில் இரண்டாம் பத்தி, நடுவில் தொல்காப்பியத்திலிருந்து ஒரு நூற்பா, கடைசியில் "கவிஞர் நம் கண்முன் நிறுத்துகிறார்" என்று ஒரு வரி. படித்து முடித்தவருக்குப் பாடலைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. தமிழறிவு குறைவதால் இது நேர்வதில்லை. பாடலிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுத உட்கார்ந்துவிடுவதால்தான் நேர்கிறது.

சேலம் வட்டாரக் கல்லூரி மாணவர்களையும், வாசகர் வட்டத்தில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களையும் மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். 1500 சொல் அளவுக் கட்டுரைதான் இலக்கு. எடுத்துக்காட்டுக்குக் குறுந்தொகையின் மூன்றாம் பாடலை முழுக்கச் செய்து காட்டுகிறோம். அது மலைப் பாட்டு, குறிஞ்சித் திணை. சேர்வராயன் மலையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு நெருக்கமாகத் தோன்றும். அந்த நெருக்கத்தாலேயே சில தவறுகளும் வரும்.

அளவைப் பார்த்துப் படைப்பைத் தேர்ந்தெடுங்கள்

1500 சொல்லில் குறுந்தொகை முழுவதையும் பேச முடியாது. அதில் கடவுள் வாழ்த்தைத் தவிர்த்தே 401 பாடல்கள். "குறுந்தொகையில் இயற்கை" என்று தலைப்பு எடுத்தவர் பத்துப் பாடலுக்குத் தலா இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்த வேண்டியதுதான். அந்த அளவுக்கு ஒரு குறும்பாடல் அல்லது ஒரு சிறுகதை போதும். நாவல் என்றால் ஒரு அத்தியாயம், ஒரு பாத்திரம், அல்லது திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு பொருள். சிறிய படைப்பை எடுத்தால் எழுத விஷயம் இருக்காதே என்ற பயம் எல்லாருக்கும் வரும். நான்கே அடியில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கீழே பாருங்கள்.

மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேலைக்காக

பாடல் இது. தேவகுலத்தார் பாடியது. சொற்களைப் பிரித்தே கொடுத்திருக்கிறோம்:

நிலத்தினும் பெரிதே; வானினும் உயர்ந்தன்று;
நீரினும் ஆர் அளவின்றே, சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல் வாசிப்பு வாய்விட்டு. உரையைத் திறக்க வேண்டாம். எங்கே மூச்சு நிற்கிறது, எந்த ஒலி திரும்புகிறது என்பதை மட்டும் பென்சிலால் குறியுங்கள்.

இரண்டாம் வாசிப்பு அகராதியோடும் உரையோடும். குறுந்தொகை முதலில் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் உரையோடு அச்சானது, உ.வே. சாமிநாதையர் பதிப்பு 1937இல் வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கேதான் தெரிந்த சொல் என்று நினைத்து ஏமாறுகிறோம். 'சாரல்' என்றதும் ஏற்காடு பஸ்ஸின் ஜன்னல் வழியாக முகத்தில் படும் தூறல்தான் நமக்கு நினைவு வரும். பாடலில் அது மலைச்சரிவு. 'உயர்ந்தன்று' என்பதை 'உயர்ந்தது அன்று' என்று எதிர்மறையாகப் பிரித்து, வானம்தான் உயர்வு, நட்பு அதைவிட உயரவில்லை என்று தலைகீழாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது 'உயர்ந்தது' என்ற உடன்பாட்டு வினைமுற்றே. இந்த ஒரு இடத்தில் சறுக்கினால் கட்டுரை முழுவதும் சாய்ந்துவிடும். 'ஆர் அளவின்று' என்பதற்கு அளத்தற்கரிய அளவை உடையது என்று பொருள்.

மூன்றாம் வாசிப்பு உரையை மூடிவைத்துவிட்டு. ஒரு தாளின் நடுவில் பாடலை எழுதிக்கொண்டு, சுற்றிலும் கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். குறைந்தது 15 குறிப்பு. முதல் ஐந்து யாருக்கும் தோன்றுவதாக இருக்கும். எட்டாவது ஒன்பதாவதுக்கு மேல்தான் பாடல் வாய் திறக்கும். அதனால் ஆறில் நிறுத்திவிடாதீர்கள்.

இந்தப் பாடலுக்கு அப்படிச் சேரக்கூடிய குறிப்புகள் சில: மூன்று ஒப்பீடுகள் ஒன்றேமுக்கால் அடிக்குள் முடிந்துவிடுகின்றன; மீதி இரண்டேகால் அடி ஒரே தொடர். எது பெரிது, எது உயர்ந்தது என்ற எழுவாய் கடைசிச் சொல்லில்தான் வருகிறது. அதுவரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். நிலம், வானம், நீர் மூன்றும் கண்ணுக்கு அடங்காதவை. அடுத்து வருவது ஒரு பூ. வண்டு என்ற சொல்லே பாடலில் இல்லை; உரைகாரர்கள் அதை வருவித்துப் பொருள் சொல்கிறார்கள். 'தேன்' என்பதற்கே தேனீ என்ற பொருளும் உண்டு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் 'பெரிதே', கடைசி அடியில் 'பெருந்தேன்'. 'கருங்கோல்', 'பெருந்தேன்' இரண்டும் எதுகை. பேசுகிறவள் தலைவி; 'நாடனொடு நட்பு', அதாவது மலைநாட்டுத் தலைவனோடு கொண்ட நட்பு, என்கிறாள். நாடன் நல்லவன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இன்னொன்று: மூன்றாம் அடியில் மூன்றே சீர். பூ வரும் அடி மட்டும் சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தவுடன், சின்னப் பூவுக்காகப் புலவர் அடியைச் சின்னதாக்கினார் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராக வருவது யாப்பு விதி. இந்த வகையில் அமைந்த எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். அந்தக் குறுகிய அடியில் எதை வைத்தார் என்பது மட்டுமே புலவரின் தேர்வு. விதி எது, தேர்வு எது என்று பிரிக்கத் தெரிந்தால் விமர்சனத்தில் பாதி வேலை முடிந்தது.

குறிப்பிலிருந்து கேள்விக்கு

குறிப்புகளில் ஒன்றோடொன்று முட்டுகிற இரண்டைத் தேடுங்கள். முட்டும் இடத்தில்தான் கேள்வி பிறக்கும். இந்தப் பாடலில் அது வெளிப்படையாகவே இருக்கிறது: நிலத்தையும் வானத்தையும் கடலளவு நீரையும் சொன்னபிறகு அதைவிடப் பெரிய ஒன்றுக்குத்தானே போக வேண்டும்? ஏன் ஒரு செடியின் பூவுக்கு இறங்கி வருகிறாள்?

கேள்வி சரியானதா என்று பார்க்க ஒரு வழி. உரையைப் புரட்டிய உடனே பதில் கிடைத்தால் அது தகவல் கேள்வி. பாடலை எத்தனை முறை படித்தாலும் பதில் சொல்ல ஆதாரமே கிடைக்காவிட்டால் அது ஊகக் கேள்வி. தலைவி அழகாக இருந்தாளா என்பது போல. பாடலின் சொற்களைக் கொண்டு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடிந்தால் அதுதான் கட்டுரைக்கான கேள்வி.

மையக்கருத்தை எழுதும் முறை

மையக்கருத்து ஒன்று அல்லது இரண்டு வாக்கியத்துக்குள், 40 சொல்லுக்கு மிகாமல் அடங்க வேண்டும். "இப்பாடல் காதலின் மேன்மையைக் கூறுகிறது" என்பது மையக்கருத்தாகாது. யாரும் மறுக்கப் போவதில்லை. நூற்றுக்கணக்கான அகப்பாடல்களுக்கு அது பொருந்தும். வேறு பாடலுக்குத் தூக்கிப் போட்டால் பொருந்தக் கூடாது என்பதுதான் சோதனை.

இப்படி எழுதலாம்: "அளக்க முடியாத மூன்றைக் கடந்து நட்பை அளவுக்கு வெளியே நிறுத்தும் தலைவி, 'பெரிது' என்று நட்புக்குச் சொன்ன அதே சொல்லைத் தேனுக்கும் கொடுத்து, அந்தப் பெருமை பூவிலிருந்து சேர்த்துச் சேர்த்துச் செய்யப்பட்டது என்று காட்டுகிறாள்."

இதை ஒருவர் மறுக்கலாம். 'பெரு' என்பது சாதாரண அடைமொழி, திரும்ப வந்தது தற்செயல் என்று வாதிடலாம். மறுக்க இடம் இருப்பதால்தான் இதை 1500 சொல்லில் நிறுவ வேண்டியிருக்கிறது.

பின்னணி: எவ்வளவு, எங்கே

சங்கப் பாடலுக்குக் கீழே, யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் ஒரு கூற்றுக் குறிப்பு இருக்கும். இந்தப் பாடலின் குறிப்பு சொல்வது: தலைவன் மறைவாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் விரைவில் மணம் முடிக்க வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழிக்கிறாள், தலைவி அவன் இயல்பை உயர்த்திப் பேசுகிறாள். குறிப்பைச் சேர்த்துப் படித்தால் பாடல் ஒரு வாதத்துக்குப் பதிலாகிறது. விட்டுவிட்டுப் படித்தால் தனிமையில் பேசும் குரலாகவும் கேட்கிறது. குறிப்பு பாடலின் அடிகளுக்குள் இல்லை. பாடலுக்கு வெளியே நின்று விளக்குவது. ஆகவே "தோழி பழித்தாள்" என்பதைப் பாடலின் ஆதாரமாக எழுதாதீர்கள். "கூற்றுக் குறிப்பின்படி" என்று தொடங்கி எழுதுங்கள். குறிப்பையும் பாடலையும் உரசிப் பார்ப்பதும் நல்ல வேலை. தோழி பழித்தது தலைவனை. தலைவி புகழ்வதோ அவனோடு கொண்ட நட்பை. இந்த இடைவெளியைப் பற்றியே ஒரு பத்தி எழுதலாம்.

முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்துப் பொருள்கள்), உரி (மாந்தரின் ஒழுக்கம்) என்று மூன்று தலைப்புப் போட்டுப் பட்டியலிடுவதும் வழக்கமாக நடக்கிறது. சாரல் முதற்பொருள், குறிஞ்சிப்பூவும் தேனும் கருப்பொருள் என்று வகைபிரிப்பது தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்விக்குச் சரி. கட்டுரையில் அது ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டும். வகை தெரிந்ததால் பாடலில் என்ன கூடுதலாகத் தெரிகிறது என்பதை அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும்.

இனி ஊர்ப் பாசம். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது மலையைச் சுற்றி வாழும் நமக்குத் தெரிந்த செய்தி. "ஆகவே தலைவியின் காதலும் அரிதானது" என்று எழுதிவிடுகிறோம். பாடலில் 12 ஆண்டும் இல்லை, அரிது என்ற பேச்சும் இல்லை. அங்கே இருப்பது கருத்த கொம்பு, பூ, தேன். பூக்கும் காலத்தை நீங்கள் கொண்டுவருவதானால் "பாடல் இதைச் சொல்லவில்லை, படிப்பவர் அறிவில் இது இருந்தால் 'பெருந்தேன்' இப்படியும் ஒலிக்கும்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொண்டுவாருங்கள். ஏற்காட்டில் இன்று பார்க்கும் நிலத்தையும் அப்படியே பாடலுக்குள் வைக்க முடியாது. அங்கே காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். பாட்டின் மலை வேறு.

கட்டுரையின் அமைப்பு

1500 சொல்லை இப்படிப் பங்கிடலாம். தொடக்கம் 150 சொல்: பாடல், கேள்வி, மையக்கருத்து. "சங்க இலக்கியம் தமிழரின் பொற்காலம்" என்று தொடங்கினால் அந்த 150இல் 100 வீணாகிறது. நடுவில் நான்கு பத்திகள், தலா 250. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. நம் பாடலுக்கு: முதல் பத்தி மூன்று ஒப்பீடுகள், இரண்டாவது எழுவாய் கடைசியில் நிற்பது, மூன்றாவது 'பெரிதே' முதல் 'பெருந்தேன்' வரை, நான்காவது கூற்றுக் குறிப்பும் பாடலும் விலகும் இடம். அதற்குப்பின் மறுப்புக்கு 200. முடிவுக்கு 100 முதல் 150.

மூன்றாவது பத்திதான் கட்டுரையின் உயிர். அது 350 சொல்லுக்குப் போனாலும் பரவாயில்லை, இரண்டாவதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பத்தியும் ஒரே நீளத்தில் இருந்தால் எது முக்கியம் என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்று படிப்பவர் நினைப்பார்.

ஒரு பத்திக்குள் நடக்க வேண்டியதைக் கிட்டத்தில் பார்ப்போம். பலவீனமான வடிவம்: "தலைவி தன் நட்பைத் தேனோடு ஒப்பிட்டு அழகாக எடுத்துரைக்கிறாள். தேன் இனிமையானது. அதுபோல நட்பும் இனிமையானது." இதில் மூன்று கோளாறு. தலைவி நட்பைத் தேனோடு நேராக ஒப்பிடவே இல்லை; தேன் நாடனின் நாட்டுக்கு அடையாக வருகிறது. இனிமை என்ற சொல் பாடலில் இல்லை. 'அழகாக' என்பது எதையும் நிறுவாது.

திருத்திய வடிவம்: "தேன் நட்புக்கு உவமையாக வரவில்லை, அது நாடனின் மலையில் நடக்கும் ஒரு செயல். ஆனால் 'நிலத்தினும் பெரிதே' என்று நட்பை அளந்த அதே அளவுச் சொல் 'பெருந்தேன்' என்று திரும்பும்போது, நட்பும் தேனும் சொல்லளவில் கட்டப்படுகின்றன. அந்தத் தேன் கிடைப்பதன்று, 'இழைக்க'ப்படுவது. நிலமும் வானும் நீரும் இருப்பவை. தேன் மட்டுமே இந்தப் பாடலில் செய்யப்படுவது." இதில் மேற்கோள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சொல்தான். நான்கு அடியையும் மறுபடி அச்சடிக்கத் தேவையில்லை. மேற்கோள் காட்டிய ஒவ்வொரு சொல்லையும் அடுத்த வாக்கியம் பயன்படுத்துகிறது. பயன்படுத்தாத மேற்கோளை நீக்கிவிடுங்கள்.

மறுப்பை நீங்களே எழுதுங்கள்

குறிஞ்சிப் பாடல்களில் தலைவனை நாடன், வெற்பன் என்று அழைப்பதும், அதற்கு முன் நிலவருணனை வருவதும் மரபு. அதனால் தேனும் பூவும் வெறும் வாய்பாடு என்று ஒருவர் சொல்லலாம். இதைப் பலவீனமாக்கி எழுதி எளிதில் வெல்லாதீர்கள். எதிராளி எழுதினால் எவ்வளவு வலுவாக இருக்குமோ அவ்வளவு வலுவாக எழுதுங்கள். பிறகு பதில்: நிலவருணனை வரவேண்டும் என்பதுதான் மரபு, அருவியும் யானையும் தினைப்புனமும் கைவசம் இருக்கத் தேனை எடுத்ததும், 'பெரிதே' என்று தொடங்கிய பாட்டில் அதைப் 'பெருந்தேன்' ஆக்கியதும் இந்தப் புலவர் செய்தது. பதில் கிடைக்கவில்லை என்றால் மையக்கருத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். "காட்டுகிறாள்" என்பதை "காட்டுவதாகவும் படிக்கலாம்" என்று மாற்றுவதில் வெட்கமில்லை.

கதை என்றால்

படிக்கும் முறை அதேதான், கவனிக்க வேண்டியவை வேறு. யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதைத் தாமதித்துச் சொல்கிறார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இரண்டாம் வாசிப்பில் காலத்தைக் குறியுங்கள்: பத்து வருடம் ஒரு வரியில் கடந்து, ஒரு மாலைப்பொழுது நான்கு பக்கம் நீண்டால், அந்த நான்கு பக்கத்தில்தான் கட்டுரை இருக்கிறது.

கொங்கு நாவல்களைப் பற்றி எழுதும்போது "வட்டார வழக்கு இயல்பாக வந்துள்ளது" என்பது தேய்ந்துபோன வரி. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கொங்குக் கிராமத்தில் சொத்தில் தன் பங்கைக் கேட்கும் ஒரு விதவையின் கதை. இதுபோன்ற நாவலில் பேச்சுமொழி யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, கதைசொல்லியின் மொழி அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, எந்த இடத்தில் நெருங்குகிறது என்று பாருங்கள். மேற்கோளில் பேச்சு வழக்கைத் திருத்தி எழுத்துவழக்காக்கிவிடாதீர்கள். பதிப்பில் உள்ளபடியே இருக்க வேண்டும், பக்க எண்ணோடு.

பிற விமர்சகர்களை எப்போது படிப்பது

உங்கள் மையக்கருத்தை எழுதியபிறகு. முன்னால் படித்தால் அவர்கள் கண்ணால்தான் பாடலைப் பார்ப்பீர்கள். ஒருவரின் கருத்தை எடுத்தால் அதோடு உடன்படுகிறீர்களா, எந்த இடத்தில் விலகுகிறீர்கள் என்று ஒரு வாக்கியமாவது சேருங்கள். பெயர்களை அடுக்குவதால் கட்டுரை கனமாகாது. மார்க்சியம், பெண்ணியம், அமைப்பியல் போன்ற அணுகுமுறைகளும் அப்படியே: அவை கேட்கத் தரும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அணுகுமுறை அந்தப் பாடலுக்கு வேண்டியதில்லை.

எழுதி முடித்தபின்

குறைந்தது ஒரு நாள் ஆறப்போடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். அந்த ஆறேழு வாக்கியமும் சேர்ந்து ஒரு வாதமாக ஓட வேண்டும். "முதல் அடியில்... இரண்டாம் அடியில்..." என்று ஓடினால் அது இன்னும் பொழிப்புரைதான், பத்திகளை இடம் மாற்றாமல் தீராது. அடுத்து அழகாக, அற்புதமாக, நயம்பட, கண்முன் நிறுத்துகிறார், மிகையாகாது ஆகியவற்றைத் தேடி வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் ஓட்டை விழுந்தால் அங்கே ஆதாரம் இல்லை என்று பொருள். கடைசியாக மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இணையத்திலிருந்து ஒட்டிய பாடல்களில் ஒற்று விடுபடுவதும் சீர் தவறாகப் பிரிவதும் சகஜம்.

தேர்வறையில் 45 நிமிடம்தான் என்றால், பாடலைப் படிக்கவும் குறிக்கவும் 10, மையக்கருத்தும் பத்தி வரிசையும் எழுத 5, கட்டுரைக்கு 25, திருப்பிப் பார்க்க 5. முதல் 15 நிமிடத்தில் பக்கத்து மேசைக்காரர் மேல்தாள் வாங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பழகுவதற்கு அடுத்த பாடலாகப் புறநானூறு 87ஐ எடுங்கள். அதியமானைப் பற்றி ஔவையார் பாடியது, இதுவும் நான்கே அடி. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த வரலாற்றை ஒரு வரிக்குமேல் எழுதாதீர்கள். ஜம்பைக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைக் காட்டுகிறது. பாடல் எப்படி வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முனைந்து செய்த ஒரே ஒரு சக்கரத்தைப் போன்றவன் என்கிறார் ஔவையார். முழுத்தேரைச் சொல்லாமல் ஏன் சக்கரம்? பகைவரை எச்சரிக்கும் பாட்டில் வாளும் வேலும் வராமல் ஏன் தச்சுவேலை வருகிறது? இந்த இரண்டு கேள்வியிலிருந்து தொடங்கலாம். 15 குறிப்புக்குக் குறையாமல் எழுதியபிறகு.